எழுத்தில் கொடுங்கள்

ஜனவரி 12

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

என் காதையும் வலது முழங்காலையும் விட்டுவிட்டுப் பார்த்தால் இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது, உன் இரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது என்றும் எழுது. போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் எனக்குப் பாதி வார்த்தை விழுவதில்லை. விழாத பாதியை நானே போட்டுக்கொண்டு சண்டைக்கு நிற்கிறேன் என்று என் மகள் சொல்கிறாள். கடிதத்தில் அந்த வம்பு இல்லை. ஐந்தாவது வரை படித்தவளின் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள், முடியாவிட்டால் உன் ஆபீஸ் வழக்கப்படி சிவப்பு மையில் சுழித்துக்கொள்.

உன் அண்ணன் போன பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது மனதை அரிக்கிறது. பல்கலைக்கழக ஹாஸ்டலில் என் பேத்தியின் அறைக்கு வேறு பூட்டுப் போட்டு, அவளைப் பெட்டியோடு மரத்தடியில் நிற்க வைத்தபோது, யாரும் சொல்லாமலே நீ வந்து உன் குடியிருப்புக்குக் கூட்டிப் போனாயாம். அவளுடைய புத்தக மூட்டையை நீயே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாயாம். உன் அண்ணன் பேத்தி என்று செய்தாயோ, யாரோ ஒரு பெண் என்று செய்தாயோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான். ரொம்ப நன்றி.

அந்த வாயாடி எதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று உனக்குத் தெரியும். அரசுப் பள்ளிக்கூடங்களை ஏன் ஒவ்வொன்றாக மூடுகிறார்கள் என்பது. அவளும் அவள் அம்மாவும் படித்த எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடமும் அதில் வருகிறது. எழுதி முடித்துக் கொடுத்து வெகுநாள் ஆகிறது. திருத்தின இரண்டு பேராசிரியர்களும் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டார்களாம். இனி எல்லார் முன்னாலும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் தேர்வு ஒன்றுதான் பாக்கியாம். அதற்குத் தேதி போட வேண்டிய பிரிவு உன்னுடையதாம். பிறகு ஏன் இன்னும் போடவில்லை?

நன்றி சொன்னேன் என்பதால் பழசை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நான் உங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், நீ ஏழாவது படிக்கும்போது, உன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெயிலில் உன் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தேன். "யாருடி அது?" என்று உன் கூட்டாளி கேட்டாள். "எங்க வீட்டுல வேலை செய்யறவங்க" என்றாய். உன் சட்டையில் இரண்டாவது பொத்தான் நான் தைத்தது. அதன் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மற்றபடி சுகம்.

உன் அண்ணி

ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நலம். தங்கள் நலத்தையும் அவ்வாறே விரும்புகிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு உடனே எழுந்து நடக்கக் கூடாது. தாங்கள் நடப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பெண் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். அதிகம் பேசுகிறாள். குளிக்கும்போதும் பேசுகிறாள். நான் தனியே இருந்து பழகியவள் என்றாலும் இதில் சிரமம் எதுவும் இல்லை. ஆகவே நன்றி தேவையில்லை.

தாங்கள் கேட்ட கோப்பு பரிசீலனையில் உள்ளது.

பள்ளி வாசலில் நடந்ததாகத் தாங்கள் குறிப்பிடும் நிகழ்ச்சி எனக்கு நினைவில் இல்லை.

தங்கள் நாத்தனார்

பிப்ரவரி 6

நாத்தனாருக்கு,

நான் சுகம். ஒத்தடம் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தேன். வலிக்கிறது. அது என் பாடு.

நினைவில் இல்லையா? நல்லது. எனக்கு இருக்கிறது. நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே வைத்துக்கொள்கிறேன்.

பரிசீலனை என்றால் என்ன என்று என் மகளிடம் கேட்டேன். "தூங்குதுன்னு அர்த்தம்மா" என்றாள். யார் தூங்க வைத்தது? உன் மேசையில்தானே இருக்கிறது? முப்பத்தைந்து வருஷமாக ஆபீஸரம்மாவாக இருந்து, ஒரு பிள்ளைக்குத் தேதி போட உனக்குக் கை வரவில்லை. ரிட்டயர் ஆகிற வருஷத்தில் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று பார்க்கிறாய். சொல்லிவிட்டால் புரிந்துகொள்வேன். பூசி மெழுகுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

இங்கே நேற்று மைக்செட் வந்தான். உனக்கு அவனைத் தெரியாது. கட்சிக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவன், பிறகு அதே மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்து, இப்போது ஆளுங்கட்சியில் பெரிய கை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடியில் தனியார் பள்ளி நடத்துகிறான். உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் அவனுக்கும் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்களாமே! படித்தவர்கள் யாரும் கிடைக்கவில்லையா?

"பாட்டி, சௌக்கியமா?" என்று உள்ளே வந்தான்.

"என் குடை எங்கடா?" என்றேன்.

"எந்தக் குடை பாட்டி?"

"நீ எட்டாவது படிக்கும்போது மழைக்கு எங்க வீட்டுல ஒதுங்கி, எடுத்துக்கிட்டுப் போனியே. கறுப்புக் குடை. கைப்பிடி வளைஞ்சது."

அவனோடு வந்த இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"உங்க பேத்தி நம்ம தெருப் பொண்ணு. அவ பெரிய ஆளா வந்தா எனக்குத்தானே பெருமை? அந்த நாலாவது அத்தியாயத்தை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. அப்புறம் பட்டம் தன்னால வந்துடும். நம்ம ஸ்கூல்லயே பெரிய வேலை போட்டுத் தரேன்."

நாலாவது அத்தியாயத்தில் இருப்பது எங்கள் பள்ளிக்கூடத்தின் கதை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லித்தான் அதை மூடினார்கள். அதிகாரிகள் தலை எண்ண வந்த அன்று காலையில் இவனுடைய வேன்கள் வந்து, பொருட்காட்சிக்கு இலவசமாகக் கூட்டிப் போகிறோம் என்று பாதிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு விளையாட்டு மைதானம் இவனுக்குக் குத்தகைக்குப் போனது, கட்டடத்தையும் இடிக்கப் போகிறான் என்று பேச்சு. என் பேத்தி அந்த வேனில் போன பிள்ளைகளின் தாய்மார்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துப் பேசி எழுதியிருக்கிறாள்.

"நீ படிச்ச பள்ளிக்கூடம்டா அது" என்றேன்.

"அதனாலதான் பாட்டி, வேற யாரோ இடிக்கிறதைவிட நானே இடிச்சா ஒரு உரிமையோட இடிச்ச மாதிரி இருக்கும்" என்றான்.

டீகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். நீ அவனுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாயோ என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

பதில் போடு.

அண்ணி

மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமானதற்கு வருந்துகிறேன். வேலை மிகுதி.

அலுவலகக் கோப்பு குறித்து வீட்டுக் கடிதத்தில் எழுதுவது முறையல்ல. எனினும் பொதுத் தகவல் ஒன்றைத் தெரிவிப்பதில் தவறில்லை. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு எல்லோருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம். கல்வித் தகுதி எதுவும் தேவையில்லை. கேள்வியும் கேட்கலாம். விதி இவ்வளவு தாராளமாக இருந்தும் பெரும்பாலும் காலி நாற்காலிகளே கேட்டுக்கொண்டிருக்கின்றன. அறை நிறைந்திருந்தால் தேர்வை ஒத்திவைப்பது கடினம் என்பது என் அனுபவம்.

பெண் அடுத்த வாரம் அங்கே வருகிறாள். இருமலுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன், குடிக்கிறாளா என்று பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் நாத்தனார்

ஏப்ரல் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகம். வாயாடி வந்தாள், மருந்து குடித்தாள், நீ எழுதாததையெல்லாம் சொன்னாள். அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று எனக்கு எழுதியிருக்கிறது போல.

உன் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் இவள் உட்கார்ந்திருந்தபோது பதிவாளரே நேரில் வந்தாராம். நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினாள்.

"அந்தப் பொண்ணு ஃபைலைக் கொஞ்ச நாள் அப்படியே வைங்கம்மா."

"எவ்வளவு நாள் சார்?"

"மேலேர்ந்து சொல்ற வரைக்கும்."

"சரி சார். எழுத்துல குடுங்க."

"அதான் நான் சொல்றேன்ல?"

"நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு சார். ஃபைல்ல விழலையே."

"ரிட்டயர் ஆகிற நேரத்துல உங்களுக்கு எதுக்கும்மா இது?"

"அதனாலதான் சார். இனிமே புதுசா ஒரு பழக்கம் கத்துக்க வயசில்லை."

அதோடு விட்டார்களா? ஒருவர் மாற்றி ஒருவர் வந்து சொன்னார்களாம். துணைவேந்தரின் உதவியாளர் வந்தாராம். மைக்செட்டே போன் செய்தானாம். எல்லாருக்கும் அதே பதிலைக் கொடுத்தாயாம். எழுத்தில் கொடுக்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. எழுத்தில் வராத உத்தரவு உத்தரவே இல்லை என்று, விதிப்படி தேதி குறித்து அறிவிப்பு ஒட்டிவிட்டாயாம். பதினெட்டாம் தேதி என்றாள். இந்த இரண்டு மாதமும் நான் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி பழைய விஷயங்களுக்காக என்று வைத்துக்கொள்.

உன் பொதுத் தகவல் எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் ஐந்தாவதுதான், ஆனால் மண்டு இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய கணக்கு டீச்சரிடம் போனேன். நான் எழுந்து கும்பிடும் ஆட்கள் குறைவு. அந்த அம்மா அதில் ஒருவர். என் மகளுக்குக் கணக்கு வராது என்று நானே படிப்பை நிறுத்தப் போனபோது, "உங்களுக்கு வராதுன்னு சொல்லுங்க, அவளுக்கு வருமான்னு நான் பார்த்துக்கிறேன்" என்று பிடுங்கிப் பள்ளியில் வைத்துக்கொண்டவர். இன்றைக்கு என் மகள் நர்ஸ். ஊசி போடும்போதெல்லாம் மருந்தளவு கணக்கு போடுகிறாள். ஒரு பைசா வாங்காமல் அந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்குச் செய்தது அது. கணக்கு டீச்சர் வருகிறார். தையல்காரி வருகிறாள், அவள் மகன்கள் இரண்டு பேரும் அந்த வேனில் போனவர்கள். தபால்காரர் லீவு போட்டு வருகிறார். இன்னும் ஆள் இருக்கிறார்கள். ஒரு மினி பஸ் பேசியாகிவிட்டது. எனக்குத்தான் முழங்கால் அவ்வளவு தூரம் வராது. என் பங்குக்கு எல்லாருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். உனக்கும் சேர்த்து.

நீ செய்ததற்கு நன்றி. இதைப் பல்லைக் கடிக்காமல் எழுதுகிறேன்.

உன் அண்ணி

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

தேர்வு நடந்தது. பெண் நன்றாகப் பதில் சொன்னாள். முடிவு சாதகமானது. அரங்கின் சாவி கிடைக்காததால் மாற்று ஏற்பாடு செய்யப்பட்டது. வந்தவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டார்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. பாத்திரத்தைத் தையல்காரம்மாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நன்றி.

எனக்குச் சிறிது ஓய்வு கிடைத்திருக்கிறது. வெயில் அதிகம். தாங்கள் பகலில் வெளியே போக வேண்டாம்.

தங்கள் நாத்தனார்

ஏப்ரல் 28

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லாரும் சுகம், என் முழங்கால்கூட. ஒரு வாரமாக இந்தத் தெருவில் வேறு பேச்சே இல்லை. நீ நாலு வரியில் முடித்ததைத் தையல்காரி எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னாள். கணக்கு டீச்சர் வந்து, அவள் விட்டதைச் சொன்னார். தபால்காரரோ, அவர்கள் இரண்டு பேரும் சொன்னது தப்பு என்று மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

அரங்கு பூட்டியிருந்ததாம். சாவி வைத்திருப்பவரைக் காணோமாம். மைக்செட்டின் ஆட்கள் நாலு பேர், "இன்னிக்கு நடக்காது, கிளம்புங்க" என்று மினி பஸ்ஸைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்களாம். வெளியூரிலிருந்து ரயிலில் வந்த தேர்வாளர், ஒல்லியான மனுஷர், வராந்தாவில் நின்று கேட்டாராம்: "கதவு திறந்திருக்கணும், யார் வேணா வரலாம், யார் வேணா கேட்கலாம். இவ்வளவுதானே விதி? அதுக்கு அந்த அரங்குதான் வேணுமா?"

நீ சொன்னாயாம்: "என் பிரிவுல கதவே கிடையாது சார். அலமாரிதான் சுவர்."

எல்லாரும் உன் பிரிவுக்குள் புகுந்தார்களாம். நாற்காலி போதவில்லை. அங்கே அடுக்கியிருந்த விடைத்தாள் கட்டுகளின் மேல் தபால்காரர் உட்காரப் போனபோது, "அது பிள்ளைங்க பரீட்சை எழுதினது. உட்காராதீங்க" என்று அதட்டினாயாமே! மனுஷர் கடைசி வரை நின்றாராம். அவருக்கு உன் மேல் கோபம் இல்லை, பயம்தான். உன் பிரிவுப் பியூன், யாரும் சொல்லாமலே பக்கத்துப் பிரிவுகளுக்குப் போய் பெஞ்சு இழுத்துக்கொண்டு வந்தாராம். என் பேத்தியின் வழிகாட்டிப் பேராசிரியர், மருத்துவ விடுப்பில் ஒளிந்திருந்தவர், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, இருமாமல் உட்கார்ந்தாராம். அவரையும் நான் மன்னித்தேன். பியூனுக்கும், ஒல்லித் தேர்வாளருக்கும், பெஞ்சு கொடுத்த பக்கத்துப் பிரிவுக்காரர்களுக்கும் நான் நன்றி சொன்னேன் என்று சொல். விட்டுவிடாமல் சொல்.

மைக்செட்டின் ஆள் ஒருவன் எழுந்து, "அரசாங்கத்துக்கு எதிரா எழுத யார் தூண்டினது?" என்று கேட்டானாம். இந்த வாயாடி, "எந்தப் பக்கத்துல அப்படி இருக்குன்னு சொல்லுங்க, அந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்றேன்" என்றாளாம். "நான் படிக்கலை" என்று அவன் சொன்னதும் ஒரே சிரிப்பாம். "படிச்சுட்டு வாங்க, காத்திருக்கோம்" என்று தேர்வாளர் சொன்னாராம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் நீ கை தூக்கினாயாம். "அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இப்ப எங்க படிக்கிறாங்க?" என்றாயாம். என் பேத்தி கையிலிருந்த தாளை மூடி வைத்துவிட்டாள் என்று கணக்கு டீச்சர் சொல்கிறார். பிறகு மெதுவாக, "பாதிப் பேர் வேன்ல போறாங்க. மீதிப் பேரை நான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்" என்றாளாம். தேர்வாளர் அதை எழுதிக்கொண்டாராம்.

இத்தனையும் உனக்கு நாலு வரி!

அது இருக்கட்டும். ஓய்வு கிடைத்திருக்கிறது என்றாயே, என்ன ஓய்வு? உன் அண்ணன் போன அன்றைக்கே சாயந்திரம் ஆபீஸுக்குக் கிளம்பினவள் நீ. அதையும் நான் மறக்கவில்லை. அப்படிப்பட்ட உனக்கு ஆபீஸ் சும்மா ஓய்வு கொடுக்குமா? ஒழுங்காக எழுது.

உன் அண்ணி

மே 25

நாத்தனாருக்கு,

இங்கே சுகம். உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? வாயாடியும் போனில் மழுப்புகிறாள். அவள் மழுப்பினால் எனக்கு மூக்கு வேர்க்கும் என்று உனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

ஒரு வரி போடு.

அண்ணி

ஜூன் 7

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் உடம்பைப் பற்றி முதலில் எழுது. மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது.

வாயாடி நேற்று நேரில் வந்து உட்கார்ந்து அழுதாள். தேர்வு நடந்த மறுநாளே உன்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்றாள். அதைத்தான் ஓய்வு என்று எழுதினாய். நான் அந்தக் கடிதத்தைத் தெரு முழுக்கக் காட்டி, "என் நாத்தனாருக்கு லீவு கொடுத்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விசாரணையில் உன் முன்னால் ஒரு தாளை வைத்திருக்கிறார்களாம். கவனக்குறைவால் அறிவிப்பு வெளியிட்டுவிட்டேன் என்று நீ கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் உன்னை மரியாதையாக ரிட்டயர் ஆக விட்டு, ஓய்வூதியமும் கொடுப்பார்களாம். ஆனால் நடந்த தேர்வு செல்லாததாகிவிடும், நாலாவது அத்தியாயம் இல்லாமல் இவள் மறுபடி எழுத வேண்டும். போடாவிட்டால் இந்த மாதக் கடைசியில் சஸ்பெண்ட் ஆனவளாகவே நீ வெளியேற வேண்டும்.

"போட்டுடுங்க அத்தைப் பாட்டின்னு கெஞ்சினேன் பாட்டி. காதுல வாங்காம டீ ஆத்திக்கிட்டிருந்தாங்க" என்கிறாள்.

நான் ராத்திரி முழுக்க யோசித்தேன். போட்டுவிடு.

இதை எழுத எனக்கு எவ்வளவு வயிறு எரிகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் முதல் டாக்டர் பட்டம். அந்த மைக்செட் இனி மீசையை முறுக்கிக்கொண்டு இந்தத் தெருவில் நடப்பான். நடக்கட்டும். அவளுக்கு வயசு இருக்கிறது, மறுபடி எழுதுவாள். உனக்கு வயசு இல்லை. தனி ஆள், கொதிப்பு வேறு. நீ இதுவரை செய்ததே எங்கள் குடும்பம் தாங்காத அளவு. இதற்கு மேல் உன்னிடம் வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுது. நான் உன்னை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும்.

உன் அண்ணி

ஜூன் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையைப் பெண் எண்ணிக் கொடுக்கிறாள்.

தங்கள் கடிதம் எனக்குக் கிடைப்பதற்கு முன்பே நான் பதிலைக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கோப்பைக் கவனித்ததுபோல் வேறு எந்தக் கோப்பையும் நான் கவனித்ததில்லை. பிறகு எப்படி எழுதுவது?

இன்று ஆட்சிக்குழு கூடியது. பியூன் வந்து சொன்னார். தேர்வை ரத்து செய்ய வேண்டும் என்று எல்லோரும் பேசினார்களாம். நான் தவறு என்று எழுதித் தராததால், ரத்து செய்யும் உத்தரவில் அவர்களில் ஒருவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பதிவாளர் துணைவேந்தரைப் பார்த்தாராம், துணைவேந்தர் தாங்கள் சொல்லும் மைக்செட்டைப் பார்த்தாராம். அவர் தன் கைபேசியைப் பார்த்தாராம். கடைசியில் தேநீர் வந்தது. பட்டம் ஏற்கப்பட்டது. நம் பெண் இனி டாக்டர். நாலாவது அத்தியாயத்தோடு.

என் விசாரணை தொடரும். ஓய்வூதியம் அதுவரை நிற்கும். மாதக் கடைசியில் இந்தக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும், சிறிய அறை ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். இதைத் தாங்கள் எப்படியும் தெரிந்துகொள்வீர்கள் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எத்தனையோ பேருடைய வாய்மொழித் தேர்வுக்கு நான் அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன். ஒன்றில்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று என் கையால் எழுதியும், அந்த யாரில் நானும் உண்டு என்று தோன்றவில்லை. அன்று என் பிரிவுக்கே தேர்வு வந்துவிட்டதால் உட்கார்ந்தேன். நான் படித்தது அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி. என் அப்பாவால் ஒரு புத்தகம்கூட வாங்கித் தந்திருக்க முடியாது. யாரென்றே தெரியாத மனிதர்கள் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல முகவரி இல்லை. முகவரி இல்லாத அந்த நன்றியை ஒரு தடவையாவது கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது. அதற்கு வழி செய்தது தங்கள் பேத்தியும், தாங்கள் அனுப்பிய ஆட்களும். ஆகவே நன்றி சொல்ல வேண்டியவள் நான்.

போட்டுவிடு என்று எழுதினீர்கள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

தங்கள் நாத்தனார்

ஜூன் 21

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை நானே சத்தமாகத் தெருவில் படித்துக் காட்டினேன். கணக்கு டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தபால்காரர், "இப்படி ஒரு கடிதத்தை நான் கொண்டுவந்து கொடுத்தேனே" என்று தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். தையல்காரி தன் சின்ன மகனைக் கூட்டிவந்து, "இவன் பேரும் அந்தப் புத்தகத்துல இருக்காம்மா?" என்று கேட்டாள். பேர் இல்லை, ஆனால் அவன் இருக்கிறான் என்றேன்.

சிறிய அறை தேடுகிறாயாம். யாருக்கு? எங்கள் வீட்டில் தெருப்பக்கத்து அறை காலியாக இருக்கிறது. ஜன்னல் தாழ்ப்பாள் விழாது, தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன். உனக்கு மேசை இல்லாமல் கை ஓடாது என்று வாயாடி சொன்னாள். மேசையும் பார்த்து வைத்திருக்கிறேன். விசாரணைக்கு நீ பதில் எழுத வேண்டும் அல்லவா, இங்கிருந்து எழுது. எழுத எழுத நான் படித்துப் பார்க்கிறேன். காரம் போதாத இடத்தில் சொல்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் சண்டை வரும். கட்டாயம் வரும். உனக்கு ஞாபகம் இல்லாததையெல்லாம் நான் எடுத்துச் சொல்வேன். நீ விதி பேசுவாய். என் மகள் இப்போதே தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கடிதத்தில் நன்றி என்று முடிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடிக்க மனசு வரவில்லை. சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் போல இருக்கிறது. ஒரு வார்த்தைக்காக உன் மேல் வைத்த கோபத்தையே இத்தனை வருஷம் பொத்தான் நிறத்தோடு வைத்திருக்கிறவள் நான். நீ இப்போது செய்ததை எத்தனை வருஷம் வைத்திருப்பேன் என்று நீயே நினைத்துப் பார்த்துக்கொள்.

பஸ்ஸில் வந்தால் எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது பார்த்துக் காலை வை. அங்கே சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது. மூடச் சொல்லி எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

நீ வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு,
உன் அண்ணி